படகின் தரைக்கு நான் போட்ட பாலிஷ்

போன மாதம் உங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த நீங்கள் நால்வரும் தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ஃபைபர் படகுக்கு எந்த வாக்ஸ் நல்லது? ஒருவர் கையில் நோட்டும் பேனாவும் வேறு இருந்தது. ஏதாவது ஒரு டின்னின் பெயரைச் சொல்வேன், எழுதிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருப்பார். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பிவிட்டேன். பெரியவருக்குத் திமிர் ஜாஸ்தி என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. திமிரெல்லாம் இல்லை. பதில் டீ நேரத்துக்குள் அடங்காது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

படகைக் கழுவுவது, காம்பவுண்ட் களிம்பு போட்டு வெளுப்பை எடுப்பது, பாலிஷ், அதற்குமேல் வாக்ஸ் என்ற வரிசையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித்தருவார். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். தேய்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஓசூர் ரோடு முழுக்க இருக்கிறார்கள். எங்கே தேய்க்கக் கூடாது என்று தெரிந்த ஒருவரோடு வேலை செய்யும் கொடுப்பினை எனக்கு இருந்தது. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பெயரைச் சொல்லமாட்டேன். "என் பேரைப் போட்டு எதுவும் எழுதிடாதீங்கோ சார், தெருவுல கிண்டல் பண்ணுவாங்கோ" என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறார். தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி பொம்மசந்திராவுக்கு வேலைக்கு வருவார். அதனால் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் தொம்மலூர் அக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். ஃபினிஷிங் பிரிவில் என்னையும் சேர்த்து இருந்த ஆறு பேரில் ஒருவர். நான் அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

நான் எங்கிருந்து அங்கே வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். பதினைந்து வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். என் கை பட்ட கார் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையோடு தொண்ணூற்றேழு வாக்கில் படகுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். காரும் படகும் பளபளப்பதில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்பது என் எண்ணம்.

சேர்ந்த முதல் மாதமே அதற்கு ஓர் அடி கிடைத்தது. ஒரு நீலப் படகின் விளிம்பில் நான் பாலிஷ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"சார், மெஷின் சத்தம் மாறிடுச்சு. கொஞ்சம் தூக்கிக்கோங்கோ."

இருபது அடி தூரத்தில் வேறு வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர், என் கையில் இருக்கும் மெஷினைப் பற்றி எனக்குச் சொல்வதா என்று நான் இன்னும் அழுத்தினேன். ஜெல்கோட் என்பது படகின் மேல்தோல். காரின் பெயின்ட் போல மறுபடி ஒரு கோட் அடித்து மறைத்துவிட முடியாது. விளிம்பில் அது இன்னும் மெல்லிசாக இருக்கும். அரை நிமிடத்தில் நீலம் போய் உள்ளே இருந்த கண்ணாடி நார் வெள்ளை வெள்ளையாக எட்டிப்பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா வந்து பார்த்தார். "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "விளிம்புக்கு மெஷின் வேணாம் சார், கையால தேய்ச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புத்தி உள்ளவன் அன்றைக்கே திருந்தியிருப்பான். எனக்கு இன்னொரு அடி தேவைப்பட்டது.

அடுத்த வருடம் கோடையில் ஒரு வேலை வந்தது. ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஒன்றில் பூங்கா நடத்திவந்த ஒருவர் தன் ஆறு துடுப்புப் படகுகளை அனுப்பினார். மூன்று வெயில் காலம் கவிழ்த்துக்கூடப் போடாமல் கரையில் கிடந்த படகுகள். கையை வைத்தால் வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கொண்டது. மூடிக்கிடந்த பூங்காவை அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறக்கிறார்கள். முதல் சவாரி ஒரு விடுதிப் பள்ளியின் சின்னப் பிள்ளைகளுக்கு. நாற்பத்திரண்டு பேர், எல்லாம் ஆறு வயது, ஏழு வயது. பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். படகுகள் கண்ணாடி போல மின்னவேண்டும் என்பதுதான் பூங்காக்காரர் சொல்லியனுப்பிய ஒரே விஷயம். சனிக்கிழமை மாலை லாரி வரும்.

கண்ணாடி போல என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் முதலாளியின் மைத்துனர் துபாயிலிருந்து இரண்டு பெரிய டின் கார் பாலிஷ் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சிலிக்கோன் கலந்தது. ஒரு துளி விட்டுத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், செத்த பரப்புக்கு உயிர் வந்தது போல இருக்கும். ஷெட்டில் நாங்கள் வழக்கமாக வைத்திருந்தது அச்சுகளுக்குப் பூசுகிற கெட்டி மெழுகு. அதைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாலும் இந்தப் பளபளப்பு வராது.

அக்கா அந்த டின்னில் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்த்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி உருட்டிப் பார்த்தார்.

"கழுவியும் வழவழப்பு போகல சார். உள்ளாரயும் போடணுமா?"

"உள்ளே, வெளியே, சீட்டு, தரை எல்லாம்தான்."

"தரையில கால் வைப்பாங்கோ."

"கால் வைக்கிற இடம் அழுக்கா இருந்தா பரவாயில்லையா?"

ஆறு படகுக்கும் வெளிப்பக்கத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார், அதுவும் கெட்டி மெழுகைக் கொண்டு. சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாரே என்று எனக்கு எரிச்சல். உள்பக்கத்தை நானும் இன்னும் இருவருமாகச் செய்தோம். அந்தப் படகுகளின் தரையில், கால் பிடிப்புக்காக, சின்னச் சின்னப் புள்ளியாகச் சொரசொரப்பு விட்டிருப்பார்கள். பாதி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. மீதியை நான் காம்பவுண்ட் போட்டு வழித்து, மேலே துபாய் பாலிஷை ஏற்றினேன். முதல் படகுக்கு மெஷின் வைத்து இரண்டு கோட். வெள்ளிக்கிழமை மாலை ஆறு படகும் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது எனக்கே கண் கூசியது.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டீ வந்தது. அக்கா மற்ற நால்வரையும் வாசலுக்குப் போய்க் குடிக்கச் சொன்னார். இன்றைக்கு என்ன புதிதாக என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். எல்லோரும் போனதும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து முதல் படகின் பக்கத்தில் வைத்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்கோ. செருப்பைக் கழட்டிட்டு, காலை நனைச்சுக்கினு, ஒரு தபா ஏறிப் பாருங்கோ."

இதென்ன விளையாட்டு என்று கேட்டேன். "ஒரே ஒரு தபா" என்றார். சரி, இந்த அம்மாவின் வாயை அடைத்துவிடுவோம் என்று காலை நனைத்துக்கொண்டு விளிம்பைத் தாண்டி உள்ளே வைத்தேன். இரண்டாவது கால் தரையிலிருந்து எழும்பக்கூட இல்லை, முதல் கால் என்னை விட்டுப் போய்விட்டது. முழங்கை சீட்டில் இடித்து, முதுகு தரையில் மோதி, படகுக்குள் மல்லாந்து கிடந்தேன். கூரையில் ஒரு சிலந்திவலை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன், எழுந்திருக்க வெட்கமாக இருந்தது.

அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரும் பாக்கல சார்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்களை அவர் வாசலுக்கு அனுப்பியது இதற்காகத்தான். சூப்பர்வைசர் விழுவதைப் பிரிவில் ஒருவரும் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இரண்டு நாளாக அவரை நான் பேசிய பேச்சுக்கு, எல்லோர் முன்னாலும் என்னை விழவைத்துக் கைதட்டியிருக்கலாம். நியாயமாகவும் இருந்திருக்கும். என் முப்பது வருட வேலையில் எத்தனையோ மேலதிகாரிகள் என் தவறைத் திருத்தியிருக்கிறார்கள். என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றித் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஆனாலும் என் மூளை குறுக்குவழியைத்தான் தேடியது. தரையில் ரப்பர் பாய் விரித்துவிடலாம் என்றேன். அவர் ஒரு பாயை எடுத்துவந்து உள்ளே போட்டு, விரலால் லேசாகத் தள்ளினார். பாய் அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

"பிள்ளைங்கோ கரைப்படியில ஒரு காலு, படகுல ஒரு காலு வெச்சு ஏறும் சார். படகுல வெச்ச காலு வழுக்குச்சுன்னா நடுவுல போயிடும். மேல படகு வந்து இடிக்கும்."

அதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

முதலாளிக்கு ஃபோன் செய்தேன். தரை வழுக்குகிறது, பாலிஷை எடுக்கவேண்டும், எடுத்தால் உள்ளே பளபளப்பு இருக்காது என்றேன். "எதையும் தொடாதே, பார்ட்டியைக் கூட்டிக்கினு வர்றேன்" என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குப் பூங்காக்காரரோடு வந்து இறங்கினார். பூங்காக்காரர் கன்னடத்தில்தான் பேசினார். நான் இங்கே தமிழில் சொல்கிறேன். படகுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிமிடம் எவ்வளவு கஷ்டம் என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் ஒன்று அது. அதைக் கையில் வாங்கிக்கொண்டே, இது தப்பு என்று நான் சொல்லவேண்டும்.

சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அக்கா உடனே, "நாங்க எல்லாரும் சேந்துதான் போட்டோம் சார்" என்றார் முதலாளியிடம். தரைப் பக்கமே போகாத ஆள் சொல்கிற பேச்சு அது.

பூங்காக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்ல மனிதர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். "ஒரு நாள்தானே. நாளைக்குப் படம் எடுத்து முடியட்டும். திங்கட்கிழமை திருப்பி அனுப்புகிறேன், தேய்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்த்து ஏறச் சொல்கிறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "சரிதானே? டெலிவரி சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு."

ஃபினிஷிங் சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வாசலைத் தாண்டும். தம்பிகளா, தங்கைகளா, உண்மையைச் சொல்கிறேன். நான் பேனாவை எடுத்துவிட்டேன். முதலாளி சொல்கிறார், வாடிக்கையாளரே சம்மதிக்கிறார், ஒரு நாள்தான் என்கிறார்கள். பொறுப்பு அவர்கள் தலையில் போய்விட்டது போல ஒரு நிம்மதி கூட வந்தது. நம் தொழிலில் ஆளைக் கவிழ்க்கிற நிம்மதி அதுதான்.

அக்கா பூங்காக்காரரிடம் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதைப் போல மரியாதையாகக் கேட்டார்.

"பிள்ளைங்க செருப்போட ஏறுவாங்களா சார், கழட்டிட்டா?"

"கழற்றிவிட்டுத்தான். படகு அழுக்காகக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்."

"கரைப்படியில தண்ணி இருக்குமா?"

"இருக்கும். கடைசிப் படி எப்போதும் ஈரம்தான்."

அக்கா வாளியைக் காட்டி, "நீங்க ஒரு தபா காலை நனைச்சுக்கினு ஏறிப் பாக்கிறீங்களா?" என்றார்.

பூங்காக்காரர் வாளியைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பார்த்தார். அது அதற்குள் நீலமாக வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றவில்லை. நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகினேன்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். நீங்க போட்டுக் கொடுத்தாலும், லாரியில ஏத்த விடமாட்டேன்" என்றேன் முதலாளியிடம். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூங்காக்காரர் முந்திக்கொண்டு, "வெளிப்பக்கம் இப்படியே இருக்குமா?" என்று அக்காவிடம் கேட்டார். இருக்கும் என்றார் அக்கா. படத்தில் வெளிப்பக்கம்தான் விழும், உள்ளே பிள்ளைகள்தான் தெரிவார்கள் என்றும் சொன்னார். "சாயங்காலம் லாரி வரும்" என்று சொல்லிவிட்டுப் பூங்காக்காரர் காரில் ஏறிக்கொண்டார். முதலாளி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அது வேறு கதை.

இருந்தது ஆறு மணி நேரம். சிலிக்கோன் துணியால் துடைத்தால் போகிற சாமான் இல்லை. அதை எடுக்கும் முன் வாட்டர் பேப்பர், அதாவது உப்புத்தாள், போட்டீர்கள் என்றால் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா சொன்ன முறை இது. தின்னரில் நனைத்த துணியால் ஓர் இழுப்பு, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஓர் இழுப்பு, இரண்டையும் வீசிவிட வேண்டும். அதே துணியை மறுபடி தொட்டால், எடுத்ததைத் திரும்பப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். வேஸ்ட் துணி மூட்டை இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. பொம்மனஹள்ளியில் என் வீட்டுக்குத் தகவல் சொல்லி, பழைய வேட்டி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். என் மனைவி கொடுத்தனுப்பியதில் ஒன்று அவ்வளவு பழையது இல்லை என்பது இரவுதான் தெரிந்தது.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அக்கா ஒரு வழி வைத்திருந்தார். தரையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் பாலிஷ் இன்னும் இருக்கிறது. பாய் விரித்தது போலப் படிந்து பரவினால் போய்விட்டது. வாக்ஸ் விற்பவர்கள் எல்லோரும் அந்த முத்துகளைக் காட்டித்தான் நம்மிடம் விற்பார்கள். அன்றைக்கு நாங்கள் ஆறு பேரும் அந்த முத்துகள் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு மண்டியிட்டுக் கிடந்தோம். தண்ணீர் பரவிய பிறகுதான் முரட்டு வாட்டர் பேப்பரை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, தரைக்கு மறுபடி பிடிப்பைக் கொண்டுவந்தோம். நான் ஒவ்வொரு படகிலும் ஈரக்காலோடு ஏறி நடந்தேன். யாரும் சொல்லாமலே அது என் வேலையாகிவிட்டது.

லாரி வந்தபோது ஐந்து படகுகள் தேறியிருந்தன. ஆறாவதில், நான் மெஷின் வைத்து இரண்டு கோட் ஏற்றிய அந்த முதல் படகில், தண்ணீர் இன்னும் முத்தாகவே நின்றது. மூன்று தடவை துடைத்தும் அசையவில்லை. ஆறு படகு ஏற்றிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் லாரிக்காரர். நான் அக்காவைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஏரிக்கரைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஐந்து படகுகளில் மூன்று நடையாக எல்லோரையும் ஏற்றினார்கள். கடைசிப் படி ஈரமாகத்தான் இருந்தது. நான் படிக்குப் பக்கத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு மூலையில் நின்றுகொண்டு, மேலே எவரையும் பார்க்காமல் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சின்னக் காலும் படியை விட்டுப் படகுக்குள் இறங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பார்த்து ஏறச் சொல்கிறோம் என்று பூங்காக்காரர் சொன்னாரே, ஒரு பிள்ளையும் பார்த்து ஏறவில்லை. குதித்தார்கள். ஒருத்தி இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்தாள். படகு ஆடியது. அவள் ஆடாமல் நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆசிரியை, "உங்க பேத்தியா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை நான் ஷெட்டுக்குப் போனபோது, எனக்கு முன்பே அக்கா வந்து ஆறாவது படகுக்குள் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"யாராச்சும் விழுந்தாங்களா சார்?"

"யாரும் விழல அக்கா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். துணியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இங்க வர்றதுக்கு முன்ன, எங்க வீட்டாண்ட ஒரு ஆபீஸ்ல தரை துடைக்கிற வேலை சார். பெரிய ஆளுங்கோ வர்றாங்கோ, பளபளன்னு பாலிஷ் போடுன்னு சொன்னாங்கோ. வழுக்கும்னு எனக்குத் தெரியும். நமக்கு ஏன் பேஜாருன்னு வாயத் தொறக்காம போட்டேன். மறுநாள் காலையில கூட வேலை செய்யிறவ வாளியத் தூக்கிக்கினு வந்தா. இடுப்பு எலும்பு சார். இன்னும் அவ நேரா நடக்கல. எங்க தெருதான். தினம் பாக்கிறேன்."

பிறகு அவரே கேட்டார். "பிள்ளைங்கோ எப்படி ஏறுச்சுன்னு சொல்லுங்கோ சார்."

எல்லோரும் நல்லா ஏறினாங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படி இல்ல சார். ஒவ்வொண்ணா."

நான் அந்தப் படகின் சீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். முதலில் பல் விழுந்த ஒரு பையன், வலது காலை வைத்தான். அடுத்து இரட்டைப் பின்னல் போட்ட பெண், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது ஒரு குண்டுப் பையன், படகு சாய்ந்தது, அவன் சாயவில்லை. குதித்தவளைப் பற்றிச் சொன்னபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் வேலைக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மெஷினைப் போடாமல் தள்ளி நின்றார்கள். முப்பது பேர் வரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குமேல் கால்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவர் கையில் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீதிப் பன்னிரண்டு பேரையும் நானே ஒவ்வொருவராக, ஒரு பிள்ளையும் வழுக்காமல், அவருக்காகப் படகில் ஏற்றிவிட்டேன்.